கொரியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வணக்கம் சொல்லும் முறை, அடியிலிருந்து

தென்கொரியாவுக்குக் கிளம்பும் முன் எல்லோரும் விசாரிப்பது இவைதான்: அரிசி பருப்பு கிடைக்குமா, குளிரைத் தாங்க முடியுமா, மொழி தெரியாமல் சமாளிக்கலாமா. தேஜொன் நகரத்து ஆய்வுக்கூடங்களுக்கு வரும் மாணவர்களும் சரி, உல்சான், கொஜே பக்கம் கப்பல் கட்டும் தளங்களுக்கு வருபவர்களும் சரி, 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் வழியாக இலங்கையிலிருந்து தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் வரும் தம்பிகளும் சரி, இங்கே எப்படி வணக்கம் சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்து சேர்ந்த முதல் வாரத்தில் கூட இருப்பவர்கள் கவனிப்பதோ அதைத்தான். வணக்கம் சொல்வதை இங்கே ‘இன்சா’ என்பார்கள். ‘அந்தப் பையன் இன்சா ஒழுங்காகச் சொல்வான்’ என்று பெயர் வாங்கிவிட்டால், மொழியில் தடுமாறினாலும் பொறுத்துக்கொண்டு சொல்லித்தருவார்கள். அந்தப் பெயர் வராவிட்டால், வேலை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் உங்களைச் சற்றுத் தள்ளியே வைத்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரே விதிதான். வயதில் சிறியவர், பதவியில் சிறியவர், புதிதாக வந்தவர் முதலில் வணங்க வேண்டும். புதிதாக வந்த நீங்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவாவது இருப்பீர்கள். அவர் பார்க்கட்டும், சிரிக்கட்டும், பிறகு நாமும் சிரிப்போம் என்று காத்திருக்காதீர்கள். அவர் பார்க்கும்போதே நீங்கள் வணங்கி முடித்திருக்க வேண்டும்.

முதலில் வாயில் வர வேண்டியவை

விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடக்கூடிய அளவுதான். தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆனால் இது தொடக்கத்துக்கு மட்டும். கொரிய எழுத்தான ஹங்குலில் அடிப்படை எழுத்துகள் 24தான். ஒரு வாரம் உட்கார்ந்தால் படித்துவிடலாம், உச்சரிப்பும் அப்போதுதான் சரியாக வரும்.

சந்திக்கும்போது ‘அன்யொங் ஹாசேயோ’. காலை, மாலை, இரவு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். நேர்காணல், பெரிய அதிகாரி, மேடை என்றால் ‘அன்யொங் ஹாஷிம்னிக்கா’. தொடர்களில் நீங்கள் கேட்டுப் பழகிய வெறும் ‘அன்யொங்’ நண்பர்களுக்குள்ளும் சிறு குழந்தைகளிடமும் சொல்வது. மேலாளரிடமோ வீட்டுக்காரரிடமோ அதைச் சொல்லாதீர்கள். கூப்பிட்டுத் திருத்த மாட்டார்கள், முகம் மட்டும் மாறும்.

பிரியும்போது யார் போகிறார், யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். போகிறவரைப் பார்த்து ‘அன்யொங்ஹி காசேயோ’. நீங்கள் போகிறீர்கள், அவர் அங்கேயே இருக்கிறார் என்றால் ‘அன்யொங்ஹி கேசேயோ’. கடையிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியது ‘கேசேயோ’, கடைக்காரர் சொல்வது ‘காசேயோ’. இருவருமே கிளம்பினால் இருவரும் ‘காசேயோ’. ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். காசு கொடுக்கும் இடத்தில் நின்றபடியே மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், சில நாளில் தானாக வரும்.

நன்றிக்கு ‘கம்சாஹம்னிதா’. மன்னிப்புக்கு ‘ச்வேசோங்ஹம்னிதா’. முதல் மாதத்துக்கு இவை போதும்.

குனிவது எப்படி

வாய் தவறினாலும் உடம்பு சரியாக இருந்தால் மரியாதை போய்ச்சேர்ந்துவிடும். அதனால் இந்தப் பகுதியைக் கண்ணாடி முன் நின்று பழகுங்கள்.

முதலில் நில்லுங்கள். நடந்துகொண்டே தலையைத் தாழ்த்துவது அவசரத்தில் செய்ததாகத் தெரியும். கால்களைச் சேர்த்து, முதுகை நேராக்கி, இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். கழுத்து மட்டும் மடங்கி முதுகு விறைப்பாக நின்றால் அது வெறும் தலையாட்டல். முதுகும் கழுத்தும் ஒரே கோட்டில் இருக்கட்டும், கண் தரையைப் பார்க்கட்டும். குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்ப்பது புதியவர்கள் எல்லோரிடமும் காணும் பழக்கம். அது முறைப்பது போலத் தெரியும். கீழே போனதும் ஒரு கணம் நில்லுங்கள், போன வேகத்தைவிடச் சற்று மெதுவாக நிமிருங்கள். நிமிர்ந்த பிறகு முகத்தைப் பாருங்கள்.

பேசுவதும் குனிவதும் ஒன்றாக நடக்க வேண்டுமா? அலுவலகப் பயிற்சிகளில் சொல்லித்தருவது, முதலில் சொல்லிவிட்டுப் பிறகு குனிவது. தரையைப் பார்த்துப் பேசினால் குரல் கீழேயே போய்விடும் என்பதுதான் காரணம். அன்றாடத்தில் பலரும் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். உங்களுக்குக் கொரிய உச்சரிப்பு இன்னும் பிடிபடவில்லை என்றால் பேசிவிட்டுக் குனிவதே நல்லது, எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

எவ்வளவு குனிவது என்பதற்கும் கணக்கு உண்டு. மின்தூக்கியில், நடைவழியில், ஒரே நாளில் மறுபடி மறுபடி பார்ப்பவரிடம் ஏறத்தாழ 15 பாகை, பேச்சில்லாமல். இதற்கு ‘மோங்னியே’ என்று பெயர். சாதாரணச் சந்திப்புக்கு 30 பாகை. நன்றி, மன்னிப்பு, மிகப் பெரியவர் என்றால் 45. பாகைமானி வைத்து யாரும் அளக்கப்போவதில்லை. இவர் என்னைவிட எவ்வளவு பெரியவர், எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் அளவு தானே வரும்.

கைகள்: உடலோடு ஒட்டித் தொங்கவிடலாம், அல்லது வயிற்றுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். முன்னால் வைத்தால் மரபுப்படி ஆண்களுக்கு இடது கை மேலே, பெண்களுக்கு வலது கை மேலே. சாவு வீட்டில் மட்டும் இது தலைகீழ். பனிக்காலத்தில் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நடப்போம் இல்லையா, தெரிந்தவர் எதிரில் வருவது தெரிந்ததுமே வெளியே எடுத்துவிடுங்கள். காதில் மாட்டியிருக்கும் இயர்போனையும் கழற்றிவிடுங்கள்.

சில சின்ன இடங்கள். படிக்கட்டில் பெரியவர் கீழிருந்து ஏறி வந்தால், மேலே நின்றபடி வணங்காமல் அவர் நிற்கும் படிக்கு வந்த பிறகு வணங்குவார்கள். அவர் தொலைபேசியில் இருந்தால் சத்தமில்லாமல் சிறு வணக்கம். கழிப்பறையில் பார்த்தாலும் அப்படியே, சிறிதாகத் தலை தாழ்த்திவிட்டுப் போய்விடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நின்றுதான் வணங்க வேண்டும். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊர் மரியாதையில் எவை இங்கே செல்லாது

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். நம்மிடம் மரியாதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாம் மரியாதை என்று செய்யும் சில செயல்கள் இங்கே வேறு மாதிரி வாசிக்கப்படும்.

முதலாவது, கைகட்டி நிற்பது. ஆசிரியர் முன், பெரியவர் முன் மார்புக்குக் குறுக்கே கைகட்டி நிற்கச் சொல்லித்தான் நம்மில் பலரைப் பள்ளியில் வளர்த்தார்கள். கொரியாவில் அதே நிலைக்கு ‘பல்ஜாங்’ என்று பெயர். பெரியவர் பேசும்போது அப்படி நின்றால் ‘நீ சொல்வதைச் சொல், பார்க்கலாம்’ என்று நிற்பதாக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இது பணிவு என்று பின்னால் விளக்கினாலும், முதல் பார்வையில் பதிந்தது போகாது. கைகளை இறக்கி வயிற்றுக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தலையாட்டல். சரி சரி என்பதற்கு நாம் தலையை இருபக்கமும் லேசாகச் சாய்த்து ஆட்டுவோம். இங்கே பக்கவாட்டில் தலை அசைந்தால் ‘இல்லை’, அல்லது ‘புரியவில்லை’. பேராசிரியர் சோதனைக் கருவியை விளக்குகிறார், நீங்கள் புரிந்ததற்கு அடையாளமாகத் தலையை அசைக்கிறீர்கள், அவர் நிறுத்தி முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார். இப்படி நடப்பதை ஆய்வுக்கூடங்களில் பலமுறை பார்க்கலாம். மேலும் கீழுமாக ஆட்டுங்கள், கூடவே ‘நே, நே’ என்று குரலும் கொடுங்கள். அவர்கள் பேச்சை வாங்கிக்கொள்வது அப்படித்தான். நாம் மௌனமாகக் கேட்பதைச் சிரத்தை என்று நினைப்போம், அவர்களுக்கு அது கவனிக்காதது போலத் தோன்றும்.

மூன்றாவது, கால் தொட்டு வணங்குவது. யார் காலையும் தொடாதீர்கள், பதறிவிடுவார்கள். காலைத் தொடாமல் விழுந்து வணங்கும் முறை இங்கேயும் இருக்கிறது, அதற்கு நாள் உண்டு, கீழே சொல்கிறேன். கைகூப்பி வணக்கம் சொல்வதையும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், மகிழ்ச்சியாகக்கூடப் பார்ப்பார்கள். ஆனால் இங்கே கைகூப்புவது பௌத்த ஆலயத்துக்கு உரிய வழக்கம். சோல் நகரின் சோக்யேசா ஆலயத்துக்குப் போனால் கைகூப்பி இடுப்பு வளைத்து வணங்குவதைப் பார்க்கலாம், அங்கே நீங்களும் தாராளமாக அப்படியே வணங்கலாம். அலுவலகத்தில் தினமும் அப்படிச் செய்தால் உங்களை வெளிநாட்டு விருந்தாளியாகவே வைத்திருப்பார்கள்.

இடது கையைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு இடது கையால் கொடுப்பது ஆகாது, அதனால் வலது கையை மட்டும் நீட்டுவோம். இங்கே ஒற்றைக் கை, அது வலது கையானாலும், பெரியவரிடம் நீட்டக் கூடாது. இரண்டு கையாலும் கொடுங்கள், இரண்டு கையாலும் வாங்குங்கள். கனமில்லாத சின்னப் பொருள் என்றால் வலது கையால் கொடுத்து, இடது கையை வலது முன்கைக்கோ முழங்கைக்கோ அடியில் தாங்குதலாக வைக்கலாம். கடன் அட்டை, காகிதம், பேனா, தண்ணீர்க் குவளை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கைகுலுக்கலும் அப்படியே. பெரியவர் கை நீட்டிய பிறகுதான் நீங்கள் நீட்ட வேண்டும், இடது கையால் உங்கள் வலது கையைத் தாங்கி, லேசாகக் குனிந்து, அழுத்தாமல் பிடியுங்கள்.

உங்கள் பெயர், அவர்கள் பெயர்

அறிமுகத்துக்கு ஒரு மூன்று வரி வைத்துக்கொள்ளுங்கள்: ‘சொஉம் பெப்கெஸ்ஸும்னிதா. சொனுன் இன்னார் இம்னிதா. சல் புதக்துரிம்னிதா.’ முதன்முறை சந்திக்கிறேன், நான் இன்னார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று வரும். கடைசி வரியோடு சேர்த்துக் குனிய வேண்டும்.

தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. கொரியர்களுக்குக் குடும்பப்பெயர் முன்னால், இட்ட பெயர் பின்னால். நம் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் இருக்கும். வந்த பிறகு கிடைக்கும் அடையாள அட்டையும் கடவுச்சீட்டைப் பார்த்தே அச்சாகும். விளைவு, மருத்துவமனையிலும் வங்கியிலும் வேலையிடத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். அலுவலகக் காகிதங்களில் அதை மாற்ற முடியாது, ஆனால் ஆட்களிடம் மாற்றலாம். முதல் நாளே இரண்டு மூன்று அசையில் அடங்கும் அழைப்புப் பெயர் ஒன்றைத் தீர்மானித்து, ஹங்குலில் எழுதி, மேசையில் ஒட்டிவிடுங்கள். பாலசுப்பிரமணியன் என்றால் ‘பாலா’. கொரியப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் கேட்பார்கள், அது உங்கள் விருப்பம். சொந்தப் பெயரையே சுருக்கிச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு நாளில் பழகிவிடுகிறார்கள்.

அவர்களை எப்படிக் கூப்பிடுவது? பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பதவியோடு ‘நிம்’ சேர்த்தால் பெரும்பாலும் தப்பாது: பேராசிரியர் ‘க்யோசுநிம்’, முதலாளி ‘சாஜங்நிம்’, குழுத் தலைவர் ‘திம்ஜங்நிம்’, ஆசிரியர் ‘சொன்செங்நிம்’. நாட்டில் ஐந்தில் ஒருவருக்குக் ‘கிம்’ என்பதே குடும்பப்பெயர் என்பதால் ஒரே அலுவலகத்தில் நான்கு கிம் இருப்பது சாதாரணம். பதவியைச் சேர்த்துச் சொன்னால்தான் யார் என்றே தெரியும்: ‘கிம் க்வாஜங்நிம்’, அதாவது பிரிவுத் தலைவர் கிம். சம அளவிலுள்ள சக ஊழியருக்கு முழுப்பெயரோடு அல்லது இட்ட பெயரோடு ‘ஷி’. வெறும் குடும்பப்பெயரோடு ‘ஷி’ சேர்த்து ‘கிம் ஷி’ என்று கூப்பிட்டால் மட்டம் தட்டுவது போலாகும். ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு முன் சேர்ந்தவர் ‘சொன்பே’, பின் சேர்ந்தவர் ‘ஹுபே’. வயது தெரியாத பேருந்து, டாக்ஸி ஓட்டுநருக்குக் ‘கிசாநிம்’. உணவகத்தில் கூப்பிட ‘சொகியோ’ அல்லது ‘சாஜங்நிம்’. நடுவயதுப் பெண்களை ‘அஜும்மா’ என்று கூப்பிடாதீர்கள், தொடரில் கேட்டிருந்தாலும் நேரில் பலருக்குப் பிடிக்காது.

அறிமுகமான சிறிது நேரத்திலேயே எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்பார்கள். வம்புக்குக் கேட்பதாக எண்ண வேண்டாம். உங்களிடம் எந்த அளவுக்கு மரியாதைப் பேச்சு பேச வேண்டும் என்று முடிவுசெய்ய அது தேவை. பிறந்ததும் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது என்று கணக்கிடும் பழைய முறை பேச்சில் இருந்துகொண்டே இருந்தது. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி பெரும்பாலான காகிதங்களில் நாம் கணக்கிடும் வயதுதான். குழப்பத்தைத் தவிர்க்க வயதைச் சொல்லாமல் பிறந்த வருடத்தையே சொல்லிவிடுங்கள்.

மரியாதைப் பேச்சு ‘ஜொந்தேன்மல்’, நெருக்கப் பேச்சு ‘பன்மல்’. நாம் நீங்கள், நீ என்று மாற்றுவதைவிட அங்கே வினைச்சொல் முடிவு முழுவதும் மாறும். மூத்தவர் ‘இனிச் சாதாரணமாகவே பேசு’ என்று சொல்லும் வரை ‘யோ’ போட்டே பேசுங்கள். அவர் உங்களிடம் பன்மலில் பேசுகிறார் என்பதற்காக நீங்களும் மாறக் கூடாது.

வேலையிடத்தில் காலை முதல் மாலை வரை

உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை ‘அன்யொங் ஹாசேயோ’. பிறகு உங்கள் இடத்துக்குப் போகும் வழியில் உள்ள மூத்தவர்களுக்குத் தனியாகச் சிறு வணக்கம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். திரையைப் பார்த்தபடியே ‘நே’ என்று ஒரு பதில் வரும், அது போதும். காதில் விழுந்தது பதிவாகிவிடும்.

மதியம் நெருங்கினால் ‘ஷிக்ஸா ஹாஷ்யொஸ்ஸொயோ?’ என்று கேட்பார்கள். சாப்பிட்டீர்களா என்பதுதான். தெருவில் பார்த்ததும் சாப்பாடாச்சா என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாகக் கற்க ஏதுமில்லை. ‘நே’ என்று சொல்லி அதையே திருப்பிக் கேளுங்கள். என்ன சாப்பிட்டேன் என்ற விவரம் வேண்டாம். சாப்பிட உட்காரும்போது ‘சல் மொக்கெஸ்ஸும்னிதா’, முடித்து எழும்போது ‘சல் மொகொஸ்ஸும்னிதா’. பின்னதை உணவகத்தை விட்டு வெளியே வரும்போது சமைத்தவரைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். ஆலை உணவுக்கூடத்தில் தட்டில் சோறு போடும் அம்மாவிடம் தினமும் அதைச் சொல்பவருக்கு, மாமிசம் சாப்பிட மாட்டார் என்று தெரிந்ததும் முட்டையோ கீரையோ கூடுதலாக வரும்.

மாலையில் மற்றவர்கள் இருக்கும்போது நீங்கள் கிளம்பினால் ‘மொன்ஜொ துரொகாகெஸ்ஸும்னிதா’, முன்னதாகக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவுவது இங்கே மிகவும் உறுத்தும். சக ஊழியர் கிளம்பும்போது ‘சுகோ ஹாஷ்யொஸ்ஸும்னிதா’ என்று சொல்லலாம். உழைத்ததற்கு நன்றி என்ற பொருளில் வருவது. மேலதிகாரியிடம் ‘சுகோ ஹாசேயோ’ என்று சொல்வதை மட்டும் தவிருங்கள். கீழே உள்ளவரைப் பார்த்துப் பெரியவர் சொல்லும் பேச்சு என்று வயதானவர்கள் கருதுகிறார்கள். அவரிடம் ‘நேஇல் பெப்கெஸ்ஸும்னிதா’, நாளை பார்க்கிறேன் என்றால் பொருத்தமாக இருக்கும். கடைக்காரரிடமும் பொருள் கொண்டுவந்து தருபவரிடமும் ‘சுகோ ஹாசேயோ’ தாராளமாகச் சொல்லலாம்.

பெயர் அட்டை கொடுத்தால் இரண்டு கையால் வாங்கி, படித்து, கூட்டம் முடியும் வரை மேசைமேல் வையுங்கள். பின்பக்கப் பையில் செருகாதீர்கள், அதன்மேல் எழுதாதீர்கள்.

வேலை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவது ‘ஹ்வேஷிக்’. பெரியவர் ஊற்றும்போது குவளையை இரண்டு கையாலும் பிடியுங்கள், நீங்கள் ஊற்றினாலும் இரண்டு கை. பெரியவர் முன் குடிக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக் குடிப்பார்கள். குவளைகளை மோதும்போது உங்களுடையதன் விளிம்பு அவருடையதைவிடத் தாழ்ந்திருக்கட்டும். மது குடிக்காதவர் ‘சுருல் மொன் மஷ்யொயோ’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு, குவளையில் கோலாவோ தண்ணீரோ வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்று குவளையைக் கவிழ்த்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஊற்றுபவரின் கையை வெறுமனே திருப்பி அனுப்பாமல் இருப்பதே அங்கே மரியாதை.

குடியிருப்பு, கடை, தெரு

தெரியாதவர்களுக்குத் தெருவில் வணக்கம் சொல்லத் தேவையில்லை. சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சிரித்தால் அவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே கட்டடத்தில் இருப்பவரை மின்தூக்கியில் பார்த்தால் சிறு வணக்கம் உண்டு. வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலருக்குத் தினமும் வணக்கம் சொல்லுங்கள். பொதிகள் வந்தால், குப்பை பிரிப்பதில் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போய் நிற்கப்போகிறீர்கள். கிராமப்புறப் பண்ணையில் வேலை என்றால் எதிர்ப்படும் ஒவ்வொரு முதியவரையும் வணங்குங்கள். ஊர் சின்னது, உங்களை எல்லோருக்கும் தெரியும், நீங்கள் யார் வீட்டில் வேலை செய்கிறீர்கள் என்பதும் தெரியும்.

வீட்டுக்கு யாராவது அழைத்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். பழம், பழச்சாறுப் பெட்டி போதும். புதுமனை என்றால் கழிப்பறைக் காகிதமும் சலவைத் தூளும் கொடுப்பது இவர்கள் வழக்கம், தயங்காமல் வாங்கிப் போகலாம். வாசலில் நின்று வணங்கி, காலணியைக் கழற்றி, நுனி கதவைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியை எடுத்ததும் ‘யொபோசேயோ’. செய்தி அனுப்பும்போது, பேராசிரியருக்கானாலும் வீட்டுக்காரருக்கானாலும், முதல் வரியில் ‘அன்யொங் ஹாசேயோ, நான் இன்னார்’ என்று எழுதிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். இங்கே எல்லோரும் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் காக்காவ் டாக் செயலியில் உங்கள் பெயர் தெரிந்தாலும் எழுதுங்கள்.

சொல்லல் நாளில் விழுந்து வணங்குதல்

சந்திரக் கணக்குப் புத்தாண்டு ‘சொல்லல்’. மூன்று நாள் விடுமுறை. அன்று இளையவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முன் தரையில் விழுந்து வணங்குவது ‘செபே’. நமஸ்காரம் செய்து பழகிய உடம்புக்கு இது கடினமே இல்லை. ஆண்கள் இடது கையை வலது கைமேல் வைத்து, தரையில் ஊன்றி, முதலில் இடது முழங்காலும் பிறகு வலதும் மடக்கி, நெற்றியைக் கைகளின் அருகே கொண்டுபோக வேண்டும். உயிரோடிருப்பவருக்கு ஒரே ஒரு முறைதான். நம் வழக்கத்தில் மூன்று முறை, நான்கு முறை விழுந்து பழகியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்து எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து பெரியவர் சொல்லும் வாழ்த்தைக் கேளுங்கள். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் காசு தருவார்கள், இரண்டு கையால் வாங்குங்கள். கொரிய நண்பர் வீட்டுக்கு அழைத்தால் முந்தின நாளே அவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பழகிவிடுங்கள். வீட்டுக்குப் போகாதவர்கள் ‘செஹே போங் மானி பாதுசேயோ’ என்று சொன்னால் போதும். ஜனவரி 1-க்கும் சொல்லலுக்கும் அதே வாழ்த்துதான், இரண்டு முறையும் சொல்வார்கள்.

சாவு வீடு

மேலதிகாரியின் தாயோ தந்தையோ இறந்தால் அலுவலகமே கிளம்பிப் போகும், உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள். வெளிநாட்டவர் என்று ஒதுங்கினால் யாரும் கோபிக்க மாட்டார்கள், போனால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

துக்கம் வீட்டில் நடக்காது. பெரும்பாலும் மருத்துவமனையோடு சேர்ந்த துக்க மண்டபத்தில் மூன்று நாள். கறுப்பு உடை, இல்லையென்றால் அடர்நிறம். காலுறை கட்டாயம், வெறுங்கால் ஆகாது. வெள்ளை உறையில் பணம்: 30,000, 50,000 அல்லது 100,000 வான் (கொரிய நாணயம்). இரட்டை எண்ணில் தொடங்கும் 20,000, 40,000 வைக்க மாட்டார்கள். உறையின் பின்புறம் இடது கீழ் மூலையில் உங்கள் பெயர். அதை வாசலில் கொடுத்து வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும்.

படத்துக்கு முன் ஊதுவத்தி ஏற்றுவார்கள், அல்லது வெள்ளைச் சாமந்தி வைப்பார்கள். ஊதுவத்தித் தழலை வாயால் ஊதாமல் கையால் விசிறி அணையுங்கள். பிறகு இறந்தவருக்கு இரண்டு முறை விழுந்து வணங்கி, நின்றபடி ஒருமுறை குனிந்து, திரும்பித் துக்கக்காரர்களை நோக்கி ஒருமுறை விழ வேண்டும். அவர்களும் உங்களை நோக்கி அதே நேரத்தில் விழுவார்கள். ஆண்களுக்கு இங்கே வலது கை மேலே, பெண்களுக்கு இடது. கிறிஸ்தவக் குடும்பமானால் விழாமல் தலைகுனிந்து நின்றால் போதும். உங்கள் நம்பிக்கை விழுந்து வணங்க இடம்தராவிட்டாலும் அப்படியே செய்யலாம். எது செய்வது என்று தெரியாதபோது உங்களுக்கு முன்னால் போகும் சக ஊழியரை அப்படியே பின்பற்றுங்கள்.

‘அன்யொங் ஹாசேயோ’ அங்கே சொல்லக் கூடாது. ஒன்றும் பேசாமல் இருப்பதே சரி. எப்படி இறந்தார் என்று கேட்பது நம் ஊரில் அக்கறை, இங்கே அதைத் தவிருங்கள். வெளியே சாப்பிட உட்காரச் சொல்வார்கள், பெரும்பாலும் மாட்டிறைச்சி சேர்ந்த காரக் குழம்பான யுக்கேஜாங் வரும். சாப்பிடாதவர்கள் வெறும் சோறும் பழமும் எடுத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாலே போதும். உட்கார்ந்திருப்பதுதான் துணை. குவளைகளை மோத வேண்டாம்.

குழந்தைகளோடு வந்தவர்கள்

மழலையர் பள்ளியில் சேர்த்த சில நாளிலேயே உங்கள் குழந்தை ‘பெக்கொப் இன்சா’ கற்றுவரும். இரண்டு கையையும் தொப்புள்மேல் வைத்து, கால் சேர்த்து, தலை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிவது. வாசலில் ஆசிரியை அதே போலத் தன் வயிற்றில் கைவைத்துக் குனிந்து குழந்தையை வரவேற்பார். குழந்தையை அவர் கையில் ஒப்படைக்கும்போது நீங்களும் குனியுங்கள். நீங்கள் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றால் குழந்தை அதைத்தான் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தாத்தா பாட்டியிடம் காணொளியில் பேசும்போது கைகூப்பி வணக்கம் சொல்ல வையுங்கள். இரண்டையும் கலந்துகொள்வார்களோ என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. யாரிடம் எது என்று குழந்தைகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பார்க்க வந்தால், வீட்டுக்காரரும் உங்கள் மேலதிகாரியும் அவர்களுக்கு நீங்கள் பார்த்திராத அளவுக்கு ஆழமாகக் குனிவார்கள். அவர்கள் பதறி அதைவிடத் தாழக் குனிய முயல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வயதில் பெரியவர்கள் சற்றே தலை தாழ்த்தினால் போதும், கைகூப்பினாலும் அழகாகவே இருக்கும். ‘கம்சாஹம்னிதா’ ஒன்றை மட்டும் விமானத்தில் ஏறும் முன் சொல்லிக்கொடுத்து அழைத்து வாருங்கள்.